கேஜில் 210 நிற்கிறது, ஆனால் பிரஸ் மதியத்துக்கு மேல் மெதுவாகிறது: ஃப்ளோ மீட்டரை எங்கே போடுவது?

ஓசூர்_பிட்டர் · திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஓசூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்களிடம் 150 டன் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று இருக்கிறது. மெயின் சிலிண்டர் போர் 300 மி.மீ., ராடு 220 மி.மீ. தலைக்கு மேல் டேங்கும், ராம் (இறங்கி அழுத்தும் பகுதி) வேகமாக இறங்கும்போது அதிலிருந்து எண்ணெய் விடும் ப்ரீஃபில் வால்வும் உண்டு. பவர்பேக்கில் 71 சிசி ஆக்சியல் பிஸ்டன் பம்பு, காம்பன்சேட்டர் (செட் பிரஷர் வந்ததும் பம்பின் ஓட்டத்தைக் குறைப்பது) 210 பாரில் செட் செய்தது. மோட்டார் 45 கிலோவாட், 1470 ஆர்பிஎம். எண்ணெய் 68 கிரேடு.

காலை ஷிஃப்டில் முதல் இரண்டு மணி நேரம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினோரு மணிக்கு மேல் எண்ணெய் சூடாகச் சூடாக ராம் அழுத்தும் வேகம் குறைந்துகொண்டே போகிறது. ஆனால் கேஜைப் பார்த்தால் 210 அசையாமல் நிற்கிறது. பிரஷர் மிஞ்சினால் எண்ணெயை டேங்குக்குத் திருப்பும் ரிலீஃப் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் கழுவி, ரிட்டர்ன் ஃபில்டரும் மாற்றியாயிற்று. மாற்றம் இல்லை.

சர்வீஸுக்கு வந்தவர் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "பம்பு தேய்ந்துவிட்டது, புதுசு போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விலைப்பட்டியல் மேனேஜர் மேஜைக்கும் போய்விட்டது. எனக்கு மனசு ஒப்பவில்லை. எதையும் அளக்காமல் எப்படி பம்பை மாற்றுவது? அதனால் ஃப்ளோ மீட்டர் கேட்டிருக்கிறேன். ஒரு டீலர் எலக்ட்ரோமேக்னடிக் மீட்டருக்குக் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார். இன்னொருவர் குழாய் மேல் கட்டும் அல்ட்ராசோனிக் போதும் என்கிறார். எதை வாங்குவது, எந்த லைனில் போடுவது என்று சொல்லுங்கள்.

ஃபோர்_டு_ட்வென்டி · திங்கள், இரவு 10.15

முதலில் அந்த எலக்ட்ரோமேக்னடிக் கொட்டேஷனை ஓரமாக வையுங்கள் சார். உங்கள் எண்ணெயில் அது வேலையே செய்யாது. காந்தப் புலத்துக்கு நடுவே மின்சாரம் கடத்தும் திரவம் ஓடினால் இரு பக்கமும் சின்ன வோல்டேஜ் உருவாகும், அதைத்தான் அந்த மீட்டர் படிக்கிறது. 1832இல் ஃபாரடே லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றுக்குள் உலோகத் தகடுகளை இறக்கி, பூமியின் காந்தப் புலத்தை வைத்து இதே முயற்சியைச் செய்து பார்த்தார். அன்று தெளிவான அளவு கிடைக்கவில்லை, ஆனால் தத்துவம் அதுதான். சாதாரணமாக இந்த மீட்டருக்குத் திரவத்தின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமன்ஸ் அளவிலாவது இருக்க வேண்டும். மினரல் ஆயில் அதன் கிட்டக்கூட வராது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் மின்காப்புக்கென்று ஊற்றுவதும் மினரல் ஆயில்தானே. தண்ணீர் கலந்த கிளைகால் திரவம் என்றால் கதை வேறு. 68 கிரேடுக்கு வேண்டாம்.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் பக்கம். பிரஸ் பற்றி இங்கே பெரியவர்கள் சொல்வார்கள்.

பழைய_பிரஸ்காரர் · செவ்வாய், காலை 6.05

தம்பி, மீட்டர் வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு ஃப்ளோ மீட்டர் இருக்கிறது. அந்த 300 மி.மீ. சிலிண்டர்தான் அது.

300 போருக்குப் பரப்பு 707 சதுர செ.மீ. ராம் 100 மி.மீ. இறங்கினால் உள்ளே போன எண்ணெய் 7.07 லிட்டர். அதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது வந்துவிடும். ஒன்று மட்டும் கவனம். ராம் தன் எடையில் வேகமாக இறங்கும்போது அளக்காதீர்கள். அப்போது ப்ரீஃபில் வழியாக மேல் டேங்க் எண்ணெய் வருகிறது, பம்பு எண்ணெய் அல்ல. ப்ரீஃபில் மூடி, பம்பு மட்டும் தள்ளுகிற பிரஸ்ஸிங் ஸ்ட்ரோக்கில் அளக்க வேண்டும். ராம் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை ஒட்டிவைத்து போனில் வீடியோ எடுங்கள். அப்புறம் ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டிப் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு வினாடி வரை எடுக்கலாம்.

காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. இரண்டு தடவையும் டேங்க் எண்ணெய்ச் சூட்டையும் அழுத்தும்போது கேஜ் காட்டுவதையும் எழுதிவையுங்கள்.

டிப்ளமோ_ரெண்டாம்_வருஷம் · செவ்வாய், காலை 8.30

சின்ன சந்தேகம் அண்ணா. எண்ணெய் எங்கேயோ ஒழுகுகிறது என்றால் பிரஷர் குறைய வேண்டாமா? கேஜ் எப்படி 210 காட்டுகிறது?

பழைய_பிரஸ்காரர் · செவ்வாய், காலை 8.50

நல்ல கேள்வி. பம்பு உண்டாக்குவது ஓட்டத்தைத்தான். அந்த ஓட்டத்துக்குத் தடை வரும்போதுதான் பிரஷர் ஏறுகிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டிருக்கும்போது குழாயில் சின்ன விரிசல் இருந்தாலும் தொட்டி நிரம்பத்தான் செய்யும், நேரம்தான் அதிகமாகும். இங்கேயும் அப்படித்தான். பம்பு நிமிடத்துக்கு 104 லிட்டர் (71 சிசி பெருக்கல் 1470) கொடுக்கிறது. 20 லிட்டர் வழியில் ஓடிப்போனாலும் மிச்சம் 84 இருக்கிறது. ராம் டையில் முட்டி நின்றதும் அந்த 84 போக இடமில்லை, பிரஷர் 210 வரை ஏறிவிடும். அப்புறம் காம்பன்சேட்டர் பம்பைக் குறைத்து, ஓடிப்போகிற 20ஐ மட்டும் ஈடு கட்டிக்கொண்டே இருக்கும். கேஜ் அசையாது. ஒழுக்கு பம்பின் முழு ஓட்டத்தையே விழுங்கினால்தான் கேஜ் விழும். அதற்குள் எண்ணெய் கருகி சீலெல்லாம் வெந்துவிடும்.

நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். எல்லாரும் கேஜைத்தான் பார்க்கிறார்கள். ஓட்டத்தைக் கேட்பவர் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை.

ஜூரோங்_எஞ்சின்ரூம் · செவ்வாய், காலை 11.20

சிங்கப்பூரில் கப்பல் ரிப்பேர் யார்டில் டெக் மெஷினரி ஹைட்ராலிக்ஸ் பார்க்கிறேன். குழாய் மேல் கட்டும் அல்ட்ராசோனிக் எங்களிடம் இருக்கிறது. பெரிய ரிட்டர்ன் லைன், கூலர் தண்ணீர் லைன் இதற்கெல்லாம் அருமையாக வேலை செய்கிறது. குழாயை வெட்டவே வேண்டாம். ஆனால் உள்விட்டம் குறைந்து சுவர் தடித்த பிரஷர் குழாயில் ரீடிங் நிற்காது. எண்ணெயில் காற்றுக்குமிழி கலந்திருந்தாலும் சிக்னல் அறுந்துபோகும். குழாயின் வெளிவிட்டம், சுவர்த் தடிமன், எண்ணெயில் ஒலி போகும் வேகம் இதையெல்லாம் நாம்தான் உள்ளிட வேண்டும். சூடு ஏறினால் அந்த வேகமும் மாறிவிடும். ரப்பர் ஹோஸ் மேல் கட்டிப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. உங்கள் வேலைக்கு இது தோதுப்படாது.

லோடிங் வால்வோடு வரும் போர்ட்டபிள் ஹைட்ராலிக் டெஸ்டர் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். ஓட்டம், பிரஷர், சூடு மூன்றும் ஒரே பெட்டியில் தெரியும். ஒரே எச்சரிக்கை: பம்புக்கும் ரிலீஃப் வால்வுக்கும் நடுவில் மாட்டி, அந்த லோடிங் வால்வை முழுக்க மூடிவிடாதீர்கள். நிலையான சிசி பம்பு என்றால் எண்ணெய்க்கு வேறு வழியே இருக்காது. டெஸ்டருக்குள் இருக்கும் பாதுகாப்புத் தகடு உடைந்தால் நல்ல காலம், இல்லையென்றால் ஹோஸ் வெடிக்கும்.

ஓசூர்_பிட்டர் · புதன், இரவு 8.10

ஐயா சொன்னபடியே வீடியோ எடுத்தேன். மூன்று ஸ்ட்ரோக் எடுத்துச் சராசரி போட்டேன்.

காலை 8.40க்கு எண்ணெய் 38 டிகிரி, 100 மி.மீ. இறங்க 4.4 வினாடி. மதியம் 1.15க்கு எண்ணெய் 62 டிகிரி, 5.2 வினாடி. இரண்டு நேரமும் அழுத்தும்போது கேஜில் 180 பார் சுமாருக்கு இருந்தது. ஒரே டை, ஒரே ஷீட்.

கோவை_பவர்பேக் · புதன், இரவு 9.00

கணக்கு போட்டுவிடலாம். காலையில் 7.07ஐ 4.4ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 96.4 லிட்டர். மதியம் 81.6. பம்பு கணக்குப்படி தர வேண்டியது 71 சிசி பெருக்கல் 1470, அதாவது 104. ஆக மதியம் 22 லிட்டருக்கு மேல் காணவில்லை.

பம்பு குற்றவாளி என்றால் அந்த எண்ணெயில் பெரும்பகுதி பம்பின் கேஸ் டிரெயின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பிஸ்டனைச் சுற்றி, ஸ்லிப்பர் அடியில், வால்வு பிளேட் முகத்தில் கசிகிற எண்ணெய் எல்லாம் கேஸுக்குள் விழுந்து அந்தச் சின்ன ஹோஸில் டேங்குக்கு வருகிறது. அந்த ஹோஸ் முனையை டேங்கிலிருந்து எடுத்து, அளவு போட்ட சுத்தமான கேனில் விட்டு வினாடி பாருங்கள். பிரஸ்ஸை 210இல் ஹோல்டு செய்து, ஊசி அசையாமல் நின்ற பிறகு அளக்க வேண்டும். காம்பன்சேட்டர் ஏறி இறங்கும்போது அதன் கட்டுப்பாட்டு எண்ணெயும் டிரெயினில் சேர்ந்து வரும், அந்த நேரத்துக் கணக்கு ஏமாற்றிவிடும்.

ஹோஸ் முனை பம்பு கேஸை விடத் தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கேஸ் எப்போதும் எண்ணெய் நிறைந்திருக்க வேண்டும். கேனில் பிடித்ததை ஃபில்டர் வண்டி வழியாகத்தான் டேங்குக்குத் திருப்பி ஊற்ற வேண்டும். இந்தக் கேன் வித்தை டிரெயின் லைனுக்கு மட்டும்தான், பிரஷர் லைன் எதையும் இப்படித் திறக்கக் கூடாது.

ஃபோர்_டு_ட்வென்டி · புதன், இரவு 9.35

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதனால் ஒரு பம்பு ஷாஃப்ட் சீல் பிதுங்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். டிரெயின் லைனில் நிரந்தரமாக மீட்டர் போடும்போது அந்த மீட்டரே ஒரு தடை. இந்த வகைப் பம்புகள் பலவற்றில் கேஸுக்குள் அனுமதித்த பிரஷர் 2 பார் அப்சல்யூட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் 1 பார்தான். மீட்டரின் கேட்டலாகில் ரேஞ்சை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வோம். குளிர்ந்த எண்ணெயில் எவ்வளவு பிரஷர் அதில் விழுகிறது என்ற கிராஃபைப் பார்க்க வேண்டும். மார்கழி காலையில் ஓசூரில் எண்ணெய் 20 டிகிரிக்குக் கீழே இருக்கும், 68 கிரேடு அப்போது தேன் மாதிரி. 5 லிட்டர் ஓட்டத்துக்குக்கூட 30 லிட்டர் மீட்டரின் பெரிய உடம்பு தேவைப்படலாம். டிரெயினை மெயின் ரிட்டர்ன் குழாயோடு சேர்க்காமல் தனியாக டேங்குக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த லைனில் மூடும் வால்வு எதுவும் இருக்கவே கூடாது.

ஓசூர்_பிட்டர் · வியாழன், இரவு 9.20

கேனில் அளந்தாயிற்று. காலை 38 டிகிரியில் நிமிடத்துக்கு 2.1 லிட்டர். மதியம் 62 டிகிரியில் 4.3. சர்வீஸ்காரரிடம் போனில் சொன்னேன். "பார்த்தீர்களா, இரண்டு மடங்காகிவிட்டது, பம்பு போய்விட்டது" என்கிறார். அப்படித்தானா?

கோவை_பவர்பேக் · வியாழன், இரவு 9.50

இல்லை. உங்கள் பம்பு நன்றாக இருக்கிறது.

68 கிரேடு என்பது 40 டிகிரியில் 68 சென்டிஸ்டோக். 38 டிகிரியில் சுமார் 75 இருக்கும். 62 டிகிரியில் அது 27 சுமாருக்கு வந்துவிடும். எண்ணெய் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் என்ற அளவுக்கு நீர்த்துப்போனால், மெல்லிய இடைவெளியில் கசிவது ஏறக்குறைய மூன்று மடங்காக வேண்டும். இரண்டு மடங்குதான் ஆகியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. 4.3 என்பது 104இல் 4 சதவீதம். பத்து சதவீதத்தை நெருங்கினால்தான் நான் பம்பைக் கழற்றச் சொல்வேன். அதுவும் இரண்டு மூன்று மாதம் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்த்த பிறகு.

பம்பு தேயும்போது டிரெயின் அலறிக்கொண்டு ஏறும். இடைவெளியின் கனத்துக்கு, அதாவது மும்மடிப் பெருக்கத்துக்கு, ஏற்பக் கசிவு கூடுகிறது. இடைவெளி இரட்டித்தால் கசிவு எட்டு மடங்கு. அதனால்தான் டிரெயின் அளவு நல்ல சாட்சி. ஆனால் எண்ணெய்ச் சூட்டையும் பிரஷரையும் சேர்த்து எழுதாத டிரெயின் அளவு வெறும் எண். அந்த எண்ணை வைத்துத்தான் பல நல்ல பம்புகள் பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன. இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது பாக்கிக் கணக்கு. மதியம் 104இல் 4.3 டிரெயின், 81.6 சிலிண்டரை நகர்த்தியது. 18 லிட்டர் வேறெங்கோ போகிறது. காலையில் அதே கணக்கு போட்டால் 5.5. மூன்று மடங்கு வித்தியாசம், அதாவது இதுவும் மெல்லிய இடைவெளிக் கசிவின் குணம். ஓட்டை, கீறல் என்றால் சூட்டுக்கு இவ்வளவு மாறாது. ரிலீஃப், டைரக்‌ஷன் வால்வு ஸ்பூல் (உள்ளே நகர்ந்து எண்ணெயின் வழியை மாற்றும் தண்டு), ப்ரீஃபில், பிஸ்டன் பேக்கிங் (பிஸ்டனைச் சுற்றிய சீல்) இந்த நான்கில் ஒன்று. எனக்கு பேக்கிங் மேல் சந்தேகம்.

லைன்_இரண்டு · வியாழன், இரவு 10.30

பேக்கிங்தானா என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. ராடு பக்க போர்ட்டைக் கழற்றி டம்மி பிளக் போட்டு இறுக்கிவிட்டு, மேலே பிரஷர் கொடுங்கள். ராம் நகர்ந்தால் சீல் போயிற்று என்று அர்த்தம். நாங்கள் சின்ன சிலிண்டரில் அப்படித்தான் பார்ப்போம்.

பழைய_பிரஸ்காரர் · வெள்ளி, காலை 5.40

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். காலையில் எழுந்ததும் இதைப் படித்தேன், கை பதறுகிறது.

300 போர், 220 ராடு. மேல் பக்கப் பரப்பு 707. கீழே ராடு போக மிஞ்சும் வளையம் 327 சதுர செ.மீ.தான். மேலே 210 பார் கொடுத்துக் கீழே பிளக் போட்டால், சீல் நன்றாக இருக்கும் பட்சத்தில் கீழே அடைபட்ட எண்ணெயில் 454 பார் ஏறும். ராமின் எடை தனி. அந்த ஹோஸும் பிட்டிங்கும் சிலிண்டர் கிளாண்டும் அதற்குச் செய்ததல்ல. பரப்பு வித்தியாசம் உள்ள சிலிண்டரில் ராடு பக்கத்தை அடைத்துவிட்டுத் தள்ளவே கூடாது.

லைன்_இரண்டு · வெள்ளி, காலை 7.15

மன்னிக்கவும் ஐயா. எங்கள் சிலிண்டர்களில் ராடு ஒல்லியானது, ஏற்றம் அதிகம் தெரியவில்லை. இனி அங்கேயும் செய்யமாட்டேன்.

ஜூரோங்_எஞ்சின்ரூம் · வெள்ளி, காலை 10.00

பிரஷர் லைனில் ஒரு கியர் ஃப்ளோ மீட்டர் மாட்டுங்கள். பம்பு அவுட்லெட்டுக்கும் வால்வு பிளாக்குக்கும் நடுவில், 315 பார் ரேட்டிங் உள்ளதாக. உள்ளே இரண்டு பல்சக்கரம், எண்ணெய் தள்ளும்போது சுழலும். ஒவ்வொரு பல்லிடுக்கும் குறிப்பிட்ட அளவு எண்ணெயைத் தாண்டிவிடும், சென்சார் பற்களை எண்ணும். கெட்டி எண்ணெயில் இன்னும் துல்லியம். டர்பைன் மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் பத்து மடங்கும் பின்னால் ஐந்து மடங்கும் நேர்க்குழாய் விட வேண்டும், எண்ணெய் கெட்டித்தன்மை மாறினால் கணக்கும் மாறும். கியருக்கு அந்தத் தொல்லை கிடையாது. அழுக்குதான் அதற்கு எமன், முன்னால் ஃபில்டர் இருக்கட்டும்.

ராமை டை பிளாக்கில் முட்ட வைத்து 210இல் ஹோல்டு செய்யுங்கள். எதுவும் நகரவில்லை, ஆகவே அப்போது மீட்டர் காட்டுவதெல்லாம் கசிவு. இடுக்குக் கசிவு பிரஷருக்கு ஏற்பக் கூடும் என்பதால், 180இல் 18 என்றால் 210இல் 21 கிட்ட வர வேண்டும்.

கரும்பாலை_ஷிஃப்ட்_பி · வெள்ளி, மதியம் 2.20

எண்ணெய்க் கசிவு தேடும்போது ஒரு வார்த்தை. எங்கள் ஆலையில் ஹைட்ராலிக் மோட்டார் டிரைவ் இருக்கிறது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒவ்வொரு டேங்க் லைனையும் தொட்டுக்கொண்டே போனால் எது சுடுகிறதோ அங்கேதான் எண்ணெய் வேலை செய்யாமல் ஓடுகிறது. 200 பாரில் 20 லிட்டர் சும்மா ஓடினால் 6.7 கிலோவாட். நிமிட லிட்டரைப் பாரால் பெருக்கி 600ஆல் வகுத்தால் வரும். வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் மூன்றை டேங்குக்குள் போட்டது போல.

ஆனால் ஹோஸில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசி நுனி ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. எண்ணெய் உள்ளே பரவி விரலையே எடுக்க வேண்டி வரும். அப்படி நடந்தால் மருந்து போட்டுக்கொண்டு உட்காராமல் அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும், போனதும் ஹைட்ராலிக் எண்ணெய் பிரஷரோடு உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அட்டையைப் பிடித்துத் தேடுங்கள்.

ஓசூர்_பிட்டர் · ஞாயிறு, மாலை 6.50

இன்று பிரஸ் நிறுத்தம். தெரிந்த ஒரு பவர்பேக் ஷாப்பில் கியர் மீட்டரை இரண்டு நாளுக்கு வாங்கி வந்து மாட்டினோம். எண்ணெயை 60 டிகிரி வரை ஓட்டிச் சூடாக்கி, ராமை டை பிளாக்கில் உட்காரவைத்து ஹோல்டு கொடுத்தோம். டிஸ்ப்ளேயில் எண் 90, 60, 30 என்று இறங்கி வந்து 20.6இல் நின்றது. யாரும் பேசவில்லை. பிரஸ் அசையவில்லை, கேஜ் 210, ஆனால் உள்ளே நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை மாதமாக அதன் எதிரில்தான் நின்றிருக்கிறோம்.

ரிலீஃப் வால்வின் டேங்க் லைன் கைபொறுக்கும் சூடுதான், 44 டிகிரி. ப்ரீஃபில் பக்கமும் அப்படியே. ராடு பக்கத்திலிருந்து வரும் குழாய் 67.

அப்புறம் ராம் பிளாக்கில் உட்கார்ந்திருக்கும்போதே மோட்டாரை நிறுத்தி, பிரஷரை முழுக்க இறக்கி, ராடு பக்க ஹோஸை வால்வு பிளாக் முனையில் கழற்றினோம். பிளாக்கின் ஓட்டையை மட்டும் அடைத்தோம், ஹோஸ் முனை திறந்தே இருந்தது. அதை 20 லிட்டர் கேனுக்குள் விட்டுக் கயிறு போட்டுக் கட்டி, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, மறுபடி ஹோல்டு. கேன் 63 வினாடியில் நிரம்பியது. 19 லிட்டர். மிச்சம் ஒன்றரை லிட்டர் ஸ்பூல் கசிவாக இருக்க வேண்டும்.

பேக்கிங்தான். பம்பு ஆர்டரை நிறுத்தச் சொல்லி மேனேஜருக்கு இங்கிருந்தே போன் செய்தேன்.

கோவை_பவர்பேக் · ஞாயிறு, மாலை 7.10

நிமிடத்துக்கு 19 லிட்டர்! அருமையாகச் செய்திருக்கிறீர்கள். சிலிண்டரைத் திறந்ததும் பேக்கிங்கை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். கைடு ரிங் (பிஸ்டனைச் சாயாமல் பிடிக்கும் வளையம்) எப்படி இருக்கிறது, ட்யூப் உள்சுவரில் கோடு விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் ஹோனிங் (உள்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்குவது) கொடுக்க வேண்டும்.

ஓசூர்_பிட்டர் · பதினெட்டு நாள் கழித்து, இரவு 9.05

சிலிண்டர் திறந்து மாட்டியாயிற்று. கைடு ரிங் ஒரு பக்கம் காகிதம் மாதிரி தேய்ந்து, பிஸ்டன் அந்தப் பக்கம் சாய்ந்து ஓடியிருக்கிறது. பேக்கிங் உதடு அந்தப் பக்கம் கருத்துக் கெட்டியாகி, கையால் வளைத்தால் பொரித்த அப்பளம் போல உடைந்தது. ட்யூபில் நகம் தட்டவில்லை. கைடு ரிங், பேக்கிங் இரண்டும் புதுசு.

இப்போது காலை 4.2 வினாடி, மதியமும் 4.2தான், சில ஸ்ட்ரோக் 4.3. எண்ணெய்ச் சூடு 62க்குப் பதில் 51இல் நின்றுவிடுகிறது. கூலர் ஃபேன் நடுநடுவே நின்று நின்று ஓடுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

மேனேஜர் இப்போது நிரந்தரமாக ஒரு மீட்டருக்குச் சம்மதித்துவிட்டார். ஒன்றே ஒன்று என்றால் எங்கே போட?

ஃபோர்_டு_ட்வென்டி · அதே நாள், இரவு 10.10

ஒன்று என்றால் கேஸ் டிரெயினில். விலை குறைந்த இடம், பிரஷர் இல்லாத இடம், பம்பு சாவதற்கு முன் வாய் திறந்து பேசும் இடம். 0 முதல் 20 லிட்டர் ரேஞ்ச், 4–20 மில்லியாம்ப் அவுட்புட். 4 மில்லியாம்ப் என்றால் ஓட்டம் பூஜ்யம், 8 என்றால் 5 லிட்டர். 3.6க்குக் கீழே போனால் ஒயர் அறுந்தது அல்லது சென்சார் கெட்டது என்று பிஎல்சியில் (பிரஸ்ஸை ஓட்டும் கன்ட்ரோலரில்) தனி அலாரமாக எழுதுங்கள், "ஓட்டம் இல்லை" என்று படிக்கவிடாதீர்கள்.

பலர் தவறுவது இதற்கு அப்புறம்தான். எல்லா நேரமும் பதிவு செய்து கிராஃப் போட்டால் காட்டுப்புதர் மாதிரி இருக்கும், ஒன்றும் புரியாது. பிரஸ் ஹோல்டில் இருந்து, பிரஷர் 205க்கு மேல், எண்ணெய் 48 முதல் 52 டிகிரிக்குள், மூன்று வினாடி அசையாமல் நின்ற பிறகு ஒரு ரீடிங். அந்த நாலு நிபந்தனையும் சேர்ந்தால் மட்டும் பதிவு. ஒரு நாளைக்குப் பத்து ரீடிங் கிடைத்தாலே போதும், அதன் சராசரி ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகள் கோடாக நகரும்போது கண்ணுக்குத் தெரியும்.

அதோடு மீட்டர் செலவே இல்லாத இன்னொன்று: ராமில் ஏற்கெனவே பொசிஷன் ஸ்கேல் இருந்தால், 100 மி.மீ. நேரத்தை பிஎல்சியே எடுத்துக்கொள்ளும். டிரெயின் ஏறாமல் இந்த நேரம் மட்டும் கூடினால் சிலிண்டர் பக்கம், இரண்டும் கூடினால் பம்பு.

கோவை_பவர்பேக் · அதே நாள், இரவு 10.40

மேடம் சொன்னதுதான் சரி. ரிட்டர்ன் லைனில் போடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ப்ரீஃபில் இல்லாத சாதாரண சிலிண்டரில் ராடு பக்கம் 60 லிட்டர் கொடுத்து ஏற்றும்போது, மறுபக்கத்திலிருந்து அதைவிட அதிகம் வெளியே வரும். 100 போர், 70 ராடு என்றால் 118 லிட்டர் கிட்ட. பம்பு அளவை வைத்து வாங்கிய மீட்டர், ஃபில்டர் இரண்டுமே அங்கே திணறும்.

ஓசூர்_பிட்டர் · மறுநாள், காலை 7.30

சரி, டிரெயின்தான். பிரஷர் விழும் கிராஃப் உள்ள கேட்டலாக் வந்ததும் இங்கே போடுகிறேன், மேடம் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். பிரஸ்ஸில் பொசிஷன் ஸ்கேல் இருக்கிறது, டைமர் இன்றே எழுதச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் இன்னொரு 100 டன் பிரஸ் இருக்கிறது. அதில் எந்தப் புகாரும் இல்லை. அதற்கும் கேன் வைத்து அளக்கலாமா, தேவையில்லையா?

பழைய_பிரஸ்காரர் · மறுநாள், காலை 7.45

புகார் இல்லாத மெஷினில்தான் முதலில் அளக்க வேண்டும் தம்பி. நன்றாக இருக்கும்போது எவ்வளவு என்று தெரிந்தால்தானே நாளைக்குக் கெட்டதா என்று சொல்ல முடியும். டிரெயின், சூடு, பிரஷர், தேதி நான்கையும் பெயின்ட் மார்க்கரால் டேங்க் மூடியின் உள்பக்கம் எழுதிவிடுங்கள். நோட்டு தொலைந்துபோகும், மூடி அங்கேயே இருக்கும்.

ஓசூர்_பிட்டர் · மறுநாள், இரவு 8.20

எழுதிவிட்டேன் ஐயா. 50 டிகிரி, 200 பார், 1.8 லிட்டர்.